கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற தாய்மாமன்

போன வாரம் சுகன்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் என் இடத்துக்கு வந்த நர்ஸ் அவள். நல்ல பெண், சுறுசுறுப்பு. ஆனால் எதையும் நேரடியாகக் கேட்கத் தெரியாது. சாப்பிட்டீங்களா, முட்டி வலி எப்படி இருக்கு, முருங்கை காய்க்குதா என்று ஊர்ப்பட்ட கேள்வி கேட்டுவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, சின்னப் புள்ளைகளப் புடிக்கிறதுக்கு ஏதாச்சும் டெக்னிக் இருக்காக்கா? நேத்து ஒருத்தன் ஒதைச்ச ஒதைல என் தாடையே வீங்கிப்போச்சு. ஒங்க காலத்துல புள்ளைக கல்லு மாதிரி ஒக்காந்துருக்கும்னு வாட்ச்மேன் அண்ணன் சொல்றாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாட்ச்மேன் சொன்னது பாதிதான் உண்மை. ஆரம்பத்தில் பிள்ளைகளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்ததே அவர்தான். அந்தப் பாதியை வசதியாக மறந்துவிட்டார்.

"அப்புறம் சொல்றேன்டி" என்று போனை வைத்தேன். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஆவூர்ப் பக்கம். நர்சிங் படித்தது, விடுதி உப்புமாவைச் சபித்துக்கொண்டே தின்றது, அன்னவாசலில் முதல் வேலை, அங்கே பிரசவம் பார்த்துப் பார்த்துக் கை பழகியது எல்லாவற்றையும் விரித்தால் சுகன்யா தூங்கிவிடுவாள். கடற்கரைப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தது. அங்கேயும் பிரசவ வார்டுதான் என்று நினைத்துப் போனால், பல் பிரிவில் போட்டார்கள். பிள்ளை பிறப்பதைப் பார்த்தவளைப் பல் பிடுங்குவதைப் பார் என்றால் எப்படி இருக்கும்? கொஞ்ச நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்போதிருந்த டாக்டர் தங்கமான மனிதர். கை அவ்வளவு வேகம். பிள்ளை அழ வாயைத் திறக்கும், அந்தத் திறப்பிலேயே பல் வெளியே வந்துவிடும். "ஆளப் புடி" என்பார். ஆளைப் பிடிப்பதற்கு ஒரு முறை இருந்தது. பிள்ளையை பெட்ஷீட்டில் சுற்ற வேண்டும். வாட்ச்மேன் கால். நான் தலை. உடம்புக்குத் தாய்மாமன்.

தாய்மாமன் எப்படி உள்ளே வந்தார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பக்கம் காது குத்தும்போது பிள்ளையை மாமன் மடியில்தான் உட்கார வைப்போம். அது அவருக்குள்ள உரிமை, விட்டுக்கொடுக்க மாட்டார். அந்தப் பழக்கத்தில், பல் பிடுங்கவும் மாமன்தான் வர வேண்டும் என்று யாரோ ஆரம்பித்து வைத்துவிட்டார்கள். அம்மாவால் பார்க்க முடியாது. அப்பா பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பார். மாமன் வெள்ளை வேட்டியில் வந்து, யாரும் சொல்லாமலே நோயாளி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து தொடையைத் தட்டுவார். பிள்ளையை மடியில் போட்டு, அதன் காலைத் தன் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வார். பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து அமுக்குவோம். இதில் யாருக்கும் எதுவும் தவறாகத் தெரிந்ததில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். அவர்களை யார் கேட்டது?

அந்த டாக்டர் ஓய்வு பெற்றதும் டாக்டர் வளர்மதி வந்தார். ஆள் என் தோளுக்குத்தான் இருப்பார். குரல் அதைவிடச் சிறியது. முதல் நாள் அலமாரியைத் திறந்தவர், கறை படிந்த அந்த பெட்ஷீட்டைக் கையில் எடுத்தார்.

"சிஸ்டர், இது எதுக்கு?"

"புள்ளைகளச் சுத்துறதுக்கு மேடம்."

டாக்டரம்மா அதைத் துவைக்கப் போட்டார். மறுநாள் பார்த்தால், மதியம் வெயில் அடிக்கும் மேற்கு ஜன்னலில் அது திரைச்சீலையாகத் தொங்குகிறது. கடைசி வரை அங்கேயேதான் தொங்கியது.

அடுத்து, அறைக்குள் "வலிக்காது" என்று யாரும் சொல்லக்கூடாது என்றார். எனக்கு நாக்கில் ஊறிப்போன வார்த்தை. சொல்லிச் சொல்லி நாக்கைக் கடித்துக்கொள்வேன். அவர் பிள்ளைகளிடம், "கொஞ்சம் வலிக்கும். எவ்வளவு வலிக்குதுன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்" என்பார். ஆமாம், நீங்கதான். மூக்கு ஒழுகுகிற ஐந்து வயசுப் பயலுக்கும் வாங்க, உட்காருங்க. வாட்ச்மேன் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வருவார். டாக்டரம்மா உயரம் குறைந்த ஒரு ஸ்டூலை வாங்கிப் போட்டிருந்தார். அதில் உட்கார்ந்தால் பிள்ளையின் கண்ணுக்குக் கீழே அவர் கண் இருக்கும். கண்ணாடியைக் காட்டுவார். பல் தேய்க்கிற சுழலும் பிரஷ்ஷை முதலில் தன் நகத்தில் ஓட்டுவார், பிறகு பிள்ளையின் நகத்தில் ஓட்டுவார். பிறகுதான் வாய். எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் ஒப்பந்தம் உண்டு. இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார். ஏன், எதற்கு என்ற கேள்வி கிடையாது.

பெற்றவர்களிடம்தான் அவருக்குப் பொறுமை போகும். "சோறு திங்கலைன்னா டாக்டரம்மா ஊசி போட்ருவாங்க" என்று ஒரு தாய் பிள்ளையை மிரட்டினாள். "உங்க வீட்டுச் சோத்துக்கு என்னை ஏங்க வில்லியாக்குறீங்க? குழம்பை ருசியா வைங்க" என்றார். அந்த அம்மாளே சிரித்துவிட்டாள்.

ஒரு பொடிசு விழுந்த பால் பல்லைக் கேட்டு அழுதது. சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிய வேண்டுமாம். ஆஸ்பத்திரிக் கழிவுக்கென்று விதி இருக்கிறதே என்று நான் யோசிப்பதற்குள், "பல்லு அவங்களோடது சிஸ்டர், கழுவிக் குடுங்க" என்றார். குழந்தைக்கு இன்னொரு கவலை. அதன் வீடு மொட்டைமாடி வீடு, கூரையே இல்லை. ஆஸ்பத்திரி சைக்கிள் ஷெட்டின் தகரக் கூரையைக் காட்டினார் டாக்டரம்மா. சாணி இல்லாமலே எறிந்தது. டங் என்று சத்தம் கேட்டதும் அந்த முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. நேரமிருக்கும்போது பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு நிற்கலாம். நேரமில்லாத ஒரு பிள்ளை வந்தால் என்ன செய்வார்? தர்ஷினி வந்த அன்று அது தெரிந்தது.

கோட்டைப்பட்டினத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பத்து வயசுப் பெண் தர்ஷினி, அவள் அம்மா செல்வி, செல்வியின் அண்ணன் முருகேசன். அப்பா வளைகுடாவில் வேலை. முருகேசன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், எங்கள் கதவில் குனிந்துதான் நுழைந்தார். பிள்ளையின் வலது கீழ்த்தாடை வீங்கிப் பளபளத்தது. கண்ணில் காய்ச்சல் தெரிந்தது.

முருகேசன் வழக்கப்படி நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து தொடையைத் தட்டினார். "வா ஆத்தா."

அவள் திரும்பி வெளியே போய்விட்டாள். போய் வராந்தாவின் கோடியில் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் தூக்கிட்டு வாரேன் டாக்டரம்மா. மடில வச்சு ஒரு அமுக்கு அமுக்குறேன், நீங்க பாட்டுக்குப் புடுங்கிருங்க. நாளைக்கு நான் கடலுக்குப் போவணும்."

"முதல்ல நீங்க இறங்குங்க. பல்வலி உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு டாக்டரம்மா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

அவள் லேசில் பேசவில்லை. பேசியபோது பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினாள்.

"மாமா பொய் சொன்னாரு."

போன மாதம் வேறு ஊரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். சும்மா பார்க்கத்தான் போறோம், வரும்போது ஐஸ்கிரீம் என்று சொல்லியிருக்கிறார் முருகேசன். போனதும் மடியில் போட்டு அமுக்கிவிட்டார். ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. அவள் கத்தியும் விடவில்லை. கடைசியில் மாமன் மணிக்கட்டைக் கடித்துவிட்டு ஓடியிருக்கிறாள். அந்தத் தடம் முருகேசன் கையில் இன்னும் இருந்தது. அன்றைக்கு நின்றுபோன வைத்தியம்தான் இன்று சீழாக நிற்கிறது. அன்றிலிருந்து மாமனோடு பேச்சு இல்லை.

"பொய் சொன்னது தப்புதான்" என்றார் டாக்டரம்மா. "நான் சொல்லமாட்டேன். உங்க கன்னத்தை வெளியில மட்டும் தொட்டுப் பாக்கலாமா? வாய்க்குள்ள வர மாட்டேன்."

கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினாள். தாடைக்கு அடியில் தொட்டுப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். மருந்து கொடுத்தோம், அதைக் குடித்தாள். பிறகு டாக்டரம்மா பையிலிருந்து பால்பாயின்ட் பேனாவை எடுத்தார். வீக்கத்துக்குக் கீழே ஒரு கோடு போடலாமா என்று கேட்டு, சரி என்றதும், வீக்கத்தின் விளிம்புக்குச் சற்றுத் தள்ளித் தாடையை ஒட்டிக் கோடு போட்டார். ஒரு கைக்கண்ணாடியையும் அவள் கையில் கொடுத்தார்.

"உள்ள சீழ் இருக்கு. கெட்ட பல்லை எடுத்தா சீழ் வடிஞ்சுரும். எடுக்கலைன்னா வீக்கம் கழுத்துக்கு இறங்கும், அப்ப மூச்சு விடக் கஷ்டமாயிரும். இந்தக் கோடு வரைக்கும் உங்க பேச்சை நான் கேப்பேன். கோட்டைத் தாண்டுச்சுன்னா உங்களைக் கேக்க மாட்டேன். ஆம்புலன்ஸ் வச்சுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன், அங்க மயக்கம் குடுத்துப் பல்லை எடுப்பாங்க. அப்புறம் டாக்டரும் ஏமாத்திட்டாங்கன்னு சொல்லக்கூடாது. அதான் இப்பவே சொல்றேன்."

தர்ஷினி கண்ணாடியில் கோட்டையே பார்த்தாள்.

நாங்கள் உள்ளே வந்து மற்ற நோயாளிகளைப் பார்த்தோம். எனக்கு டாக்டரம்மா மேல்தான் கோபம். கழுத்துக்கு இறங்கிய வீக்கம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நாலு பேர் பிடித்தால் கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலைக்கு ஒரு பொடிப்பெண்ணிடம் பேனாக்கோடு போட்டுப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறாரே என்று ட்ரேயை நங்கென்று வைத்தேன். டாக்டரம்மா காதில் விழாத மாதிரி இருந்தார். ஆனால் ஒவ்வொரு நோயாளி போனதும் எழுந்து வராந்தாவுக்குப் போய் அந்தத் தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

முருகேசனுக்குப் பொறுக்கவில்லை. "பத்து வயசுப் புள்ளைக்கு என்னங்க தெரியும்? தாய்மாமன் நான் சொல்றேன், புடுங்குங்க!"

"தெரியாதுதான். அதனாலதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீங்களும் போய்ச் சொல்லுங்க. பொய் மட்டும் வேணாம்."

அவர் போய் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய ஆள், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். கதவோரம் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"ஒங்கப்பன் ஊர்ல இல்ல ஆத்தா. ஒனக்கு ஒன்னு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். அந்தப் பயத்துல பொய் சொல்லிட்டேன். நீ கத்துனது இன்னும் எங்காதுல இருக்கு. வலைய இழுக்கறப்பக்கூடக் கேக்குது. மன்னிச்சுக்க ஆத்தா."

அவள் கண்ணாடியை இறக்கவில்லை. செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மதியம் சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது, அவளே வாசலில் வந்து நின்றாள்.

"டாக்டர், கோட்டத் தொட்டுருச்சு."

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். தொட்டிருந்தது, தாண்டவில்லை. "ஆமா. சொன்னதுக்கு நன்றி. என்ன செய்யலாம்?"

"இங்கயே எடுங்க. ஆனா நான் மட்டுந்தான் சேர்ல ஒக்காருவேன்."

"சரி."

"கை தூக்குனா நிறுத்தணும்."

"சரி. வேற?"

மாமனைப் பார்க்காமல் சொன்னாள். "மாமாவும் உள்ள வரணும். கையப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கணும்."

முருகேசன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்படியே உள்ளே வந்து, அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நாற்காலியின் கால்மாட்டில் நின்றார்.

அன்று டாக்டரம்மா வேலை செய்ததை அப்படியே சொல்கிறேன், சுகன்யா கவனிக்கட்டும். ஊசியை மறைக்கவில்லை, முகத்துக்கு நேரே நீட்டவும் இல்லை. இதுதான் ஊசி, பார்க்கணுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். சீழ் இருக்கும் இடத்தில் மருந்து சரியாகப் பிடிக்காது, அதனால்தான் அன்றைக்கு வலித்தது, தாடைக்குப் பின்னால் தள்ளிப் போடப்போகிறேன் என்றார். சொன்னபடியே மெதுவாகப் போட்டார். போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உதடு தடித்த மாதிரி இருக்கிறது என்று அவளாகச் சொல்லும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகும் ஈறைத் தொட்டு, அழுத்துவது தெரிகிறதா, வலிக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டார். அழுத்துவது தெரியும், அது போகாது, வலி மட்டும்தான் போகும் என்றார்.

பல் பிடுங்குகிற கொறடு உள்ளே போனது. வேர் உறுதியான பல். முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தார். அசைவு கொடுத்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு திருப்பு என்று எனக்கே தெரிந்தது. பஞ்சைக் கையில் எடுத்துவிட்டேன்.

தர்ஷினி இடது கையைத் தூக்கினாள்.

வேறு எந்த டாக்டராக இருந்தாலும், "இந்தா முடிஞ்சிருச்சு" என்று சொல்லி இழுத்திருப்பார்கள். நானாக இருந்தால் கட்டாயம் இழுத்திருப்பேன். டாக்டரம்மா கொறடை வெளியே எடுத்து ட்ரேயில் வைத்தார். ஸ்டூலைப் பின்னால் நகர்த்தி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

தர்ஷினி அழவில்லை. வலிப்பதாகவும் சொல்லவில்லை. டாக்டரம்மாவின் கையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பிறகு முருகேசனைப் பார்த்தாள். அவர் முகத்தில் வியர்வை வழிந்தது, தோள் துடித்தது. ஆனால் கை பின்னாலிருந்து அசையவே இல்லை. அவர் பக்கம் நின்ற எனக்குத் தெரியும். ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டை, அவள் கடித்த அதே இடத்தில், இறுக்கிப் பிடித்திருந்தார்.

அவள் தூக்கிய கையை மெதுவாக இறக்கினாள். தானாக வாயைத் திறந்தாள், முன்பைவிட நன்றாக.

பல் வந்தது, சீழும் வந்தது. டாக்டரம்மா கழுவிச் சுத்தம் செய்து பஞ்சை வைத்து, கடித்துக்கொள்ளுங்கள் என்றார். நாற்காலியைவிட்டு இறங்கியதும் அவள் அம்மாவிடம்தான் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. சுற்றிக்கொண்டு முருகேசனின் முதுகுப்பக்கம் போனாள். முடிந்துவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போல, அவர் இன்னும் அப்படியே நின்றார். இறுகிப்போயிருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒரு கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வாயில் பஞ்சு இருந்ததால் பேச முடியவில்லை. முருகேசன் குனிந்து அவள் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறுநாள் அவர் கடலுக்குப் போகவில்லை. பிள்ளையைக் காட்டக் கூட்டிவந்தார். வீக்கம் பாதி வற்றி, பேனாக்கோடு தாடையில் தனியாக இருந்தது. துடைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், பள்ளிக்கூடத்தில் காட்டணும் என்றாள். அவ்வளவு பெரிய ஸ்பிரிட் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஓர் ஓரமாக நின்றேன்.

டாக்டரம்மா பிறகு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அந்த பெட்ஷீட் திரைச்சீலையை நான் ஓய்வு பெறும் வரை யாரையும் கழற்ற விடவில்லை.

நேற்று நானே சுகன்யாவுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"புடிக்கிறதுக்கு ஒரு டெக்னிக் இருக்குடி. கையப் பின்னாடி கட்டிக்க. புள்ள பாக்குற மாதிரி நில்லு."

"அப்ப யாருக்கா புள்ளையப் புடிக்கிறது?"

"யாரும் புடிக்க வேணாம். முடிஞ்சதும் அதுவே வந்து ஒங் கையப் புடிக்கும்."